பக்கத்து வீட்டுச் சுவர் பருத்த கதை

கேட்காமல் வந்து சேருகிற எதையும் நான் நம்புவதில்லை. பால்காரர் ஒரு நாள் கொஞ்சம் கூட ஊற்றினால், அன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று எடுத்துக்கொள்வேன். கேஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டாமல் வாசற்படி தாண்ட விட்டதில்லை. அதனால் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு காலையில் ஒரு அட்டை முட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றபோது, முட்டை என் கண்ணில் படவே இல்லை. இவன் எதற்கு அடி போடுகிறான் என்றுதான் பார்த்தேன்.

அவனுக்கு முட்டை வியாபாரம். புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளில் எடுத்துச் சேலத்துக் கடைகளுக்குப் போடுகிறான். நாற்பது வயதிருக்கும். இத்தனை வருஷம் சுவரோடு சுவராக இருந்தும் ஓர் உடைசல் முட்டைகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இன்றைக்கு ஒரு அட்டை.

"ஏனுங்க்கா, நம்ம செவுத்தப் பூசலாம்னு இருக்கறனுங். சந்துக்குள்ளாற சாரம் கட்டிக்கட்டுங்களா?"

அப்படிச் சொல்லு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. நிலம் எங்களுடையது. அதை ஒட்டி நிற்கும் சுவர் அவனுடையது. அந்தச் சுவரை வெளிப்பக்கம் பூச வேண்டுமென்றால் அவன் ஆட்கள் எங்கள் நிலத்தில்தான் நின்றாக வேண்டும். ஊரில் பாதிச் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. சுவர் என்னவோ பூச வேண்டிய சுவர்தான். பழைய செங்கல், மண் சாந்து வைத்துக் கட்டியது. சிமெண்டு பூசிப் பூசிப் பார்த்தான். ஒவ்வொரு மழைக்கும் உப்பிக்கொண்டு வந்து பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே அவன் பிள்ளைகள் படுக்கிற அறையெல்லாம் ஓதம்.

"இந்தத் தடவ சிமெண்டு இல்லீங்க்கா. கம்பி வலை அடிச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு. போன்ல பாத்தனுங். ஆட்டையாம்பட்டில ஒரு கொத்தனாரு இத நல்லாச் செய்யறாருங்."

போனைப் பார்த்து ரசம் வைக்கிறவர்களையே நான் நம்புவதில்லை. இவன் சுவர் பூசப் போகிறானாம்.

"எத்தன கனம் வரும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வருமுங்க."

கொஞ்சம் என்பது ஒரு அளவா? எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது.

கனம் ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். சொந்த வண்டி. குஜராத், பஞ்சாப் என்று முக்கால்வாசி இந்தியாவை ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், அப்புறம் ஒன்றிரண்டு சொல்லாகத் திரும்பி வந்தது. சேலத்தில் இருக்கும் மகன் ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தான். அவர் உடம்பு வாகுக்கு அகலமான நாற்காலி. எங்கள் முன்வாசல் படிகள் செங்குத்தாகச் சாக்கடை மேல் இறங்கி ரோட்டில் முடிகின்றன. ஆஸ்பத்திரிக்கு என்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்கலாம். தினமும் அப்படி முடியுமா? பின்வாசல்தான் மட்டமாக இருக்கிறது. பின்வாசலில் இறங்கி, சந்து வழியாக நாற்காலியைத் தள்ளினால் தெருவுக்கு வந்துவிடலாம். சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் இடம், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து மணியானால் அவருக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, சலவைச் சட்டை மாட்டி, அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே கொண்டுபோவேன். மெயின் ரோட்டு லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் அவருடைய பழைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவரைக் கண்டதும் எழுந்து வருவார்கள். "அண்ணா, என்னையத் தெரியுதுங்களா? நா யாருன்னு சொல்லுங்க பாப்போம்!" என்று காதருகே குனிந்து கத்துவார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் பாசத்தில் கத்துகிறார்கள் என்று விட்டுவிடுவேன். ஒருத்தர் தன் துண்டாலேயே அவர் கடைவாயைத் துடைத்துவிடுவார். அவர் திக்கித் திணறி ஒரு பேரைச் சொல்லிவிட்டால் எல்லாரும் கை தட்டுவார்கள். சில நாள் அவர் கண் கலங்கும். கூட்டாளிகளைப் பார்த்த சந்தோஷம் என்று துடைத்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் கூட உட்கார வைப்பேன். நாலு மனுஷரோடு இருந்தால்தான் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போனால் மனுஷர் கட்டிலோடு முடங்கிவிடுவார் என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

இது பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியாதா? தினமும் பார்க்கிறவன்தானே. அதோடு, போன வருஷம் எங்கள் பின்பக்கத்து இடத்தைத் தருவீர்களா, முட்டை வண்டி நிறுத்த ஆகும் என்று கேட்டிருந்தான். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். சந்து அடைபட்டால் நாங்கள் மகன் வீட்டுக்குப் போய்விடுவோம், இடம் தானாக அவன் மடியில் விழும். கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா? முட்டையை வாங்கிக்கொண்டேன். இரண்டு கண்டிஷன் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாரம் ஓரமாகப் போய்விட வேண்டும். பழைய பூச்சு இருந்த அளவுக்கு மேல் ஒரு நூல்கூட வெளியே வரக் கூடாது.

"அதுக்கென்னங்க்கா, ஆகட்டுங்க்கா" என்றான். யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறவனை எப்படி நம்புவது?

கொத்தனார் ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். எதைக் கேட்டாலும் பாதிப் பதில் சொல்லிவிட்டு மீதிக்குச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நீல டிரம்மில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அதோடு கலக்கக் கடுக்காயும் வெல்லமும் போட்ட தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிடந்தது. சந்து முழுக்கப் புளித்த வாடை. அது வெல்லத் தண்ணிதானா, இல்லை சாயங்காலத்துக்கு இவர்கள் வேறு எதையாவது ஊற வைத்திருக்கிறார்களா என்று ஆளில்லாத சமயம் குனிந்து மோந்து பார்த்தேன். வெல்லம்தான். அதுவரைக்கும் நிம்மதி.

முதலில் பழைய பூச்சைக் கொத்தி இறக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், கொத்தி எடுத்ததும் சந்து அகலமாகிவிட்டது. இரண்டு நாள் நாற்காலி எங்கேயும் உரசாமல் ஜம்மென்று போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எப்புடிப் போவுதுன்னு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே தள்ளினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு வலை வந்தது. இரும்புத் தகட்டைக் கீறி இழுத்துவிட்ட மாதிரி, சாய்சதுரக் கண்கள் வைத்த வலை. அதைச் சுவரோடு ஒட்டி அடிப்பார்கள் என்று பார்த்தால், நடுவில் சின்னச் சின்ன முட்டு கொடுத்துச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி முடுக்கினார்கள். வலைக்கும் செங்கலுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போனது. நான் விட்டேனா?

"ஏனுங்க கொத்தனாரே, இது எதுக்கு இப்புடி முன்னால தள்ளி நிக்குது?"

"வலைக்குப் பொறகாலயும் சுண்ணாம்பு போயிப் புடிக்கோணுமுங்கம்மா. ஒட்டி அடிச்சா நிக்காதுங். விழுந்துரும்."

"அப்பக் கடைசில எவ்வளவு தூரம் வரும்?"

"பூசுனாத்தானுங்க தெரியும்" என்று சிரித்தார்.

தொழில் தெரிந்தவனுக்கு அளவு முன்னாலேயே தெரியாதா? தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறார். அன்றைக்கே சாக்கு தைக்கிற நூலை எடுத்து, பின்வாசல் ஓரத்தில் ஓர் ஆணி, தெரு முனையில் ஓர் ஆணி அடித்து, சக்கரத்தின் உயரத்துக்கு அந்தச் சுவர் நெடுக இழுத்துக் கட்டினேன். பழைய பூச்சு எதுவரைக்கும் வந்திருந்தது என்று எனக்குத் தெரியும். நாற்காலியையே வைத்து அளந்து கட்டினேன். "இதத் தாண்டுச்சுன்னா சொரண்டி எடுத்துருவேன், சொல்லிப்புட்டேன்" என்று தம்பிக்கும் கொத்தனாருக்கும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் நூல் தரையில் கிடந்தது.

பின்வாசல் பக்கத்து ஆணியிலிருந்து அவிழ்ந்திருந்தது. காற்றில் அவிழ்கிற முடிச்சா நான் போட்டது? மறுபடி கட்டினேன், இரட்டை முடிச்சாக. முதல் பூச்சு ஏறியது. கொத்தனார் சுண்ணாம்பைக் கரணையால் அள்ளி வலைக்குள் அழுத்தி அழுத்தித் திணித்தார். கண் கண்ணாக அது பின்னால் பிதுங்கி நின்றது. பிறகு ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒன்றால் கோடு கோடாகக் கீறிவிட்டார், அடுத்த பூச்சு பிடிப்பதற்கு. நூலுக்குள்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் விட்டுப் பார்த்தால் நூல் மறுபடி கீழே. இந்தத் தடவை ஆணியே ஆடிப் போயிருந்தது. ஆணியை இறுக்கி அடித்து மறுபடியும் கட்டினேன்.

யார் வேலை? நான் துணி துவைத்தபடி ஒவ்வொருத்தராக நிறுத்தி வைத்து விசாரித்தேன், மனசுக்குள்தான். தம்பியின் பெண்டாட்டி அன்றைக்கு என்னைப் பார்த்து அநாவசியமாகச் சிரித்தாள். அவன் பிள்ளைகள் வாலுகள். கொத்தனாருக்கு நூல் இடைஞ்சல். தம்பிக்கு நூல் இருந்தால் திட்டமே கெட்டது. எல்லாருக்கும் காரணம் இருந்தது. நான் அடுப்படியில் இருக்கும்போது பின்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷரிடமே கேட்டேன். "ஏனுங்க, யாராச்சும் நூலத் தொட்டாங்களா?" அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். பாவம், அவர் என்ன கண்டார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மாத்திரை வாங்க நாமக்கல் போக வேண்டியிருந்தது. அவரைப் பின்வாசல் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாம் பூச்சும் முடிந்து, சுவரையே காணோம். மேலிருந்து கீழ் வரைக்கும் ஈரச் சாக்கு தொங்கியது.

"என்னத்த மூடி வெச்சிருக்கீங்க?"

"வெயில் படக் கூடாதுங்கம்மா. மெதுவாத்தான் எறுகோணும். ரெண்டு நாளைக்குச் சந்துல யாரும் போக வேண்டாமுங்."

நான் ஊரில் இல்லாத நாள் பார்த்துப் பூசிவிட்டு, பூசினதைத் திரை போட்டு மூடியும் வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? சாக்கை விலக்கப் போனேன். கொத்தனார் குறுக்கே வந்து நின்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. சரி, இரண்டு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து மணியானால் வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்தேன். அவரோ நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார். ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புது மாத்திரை வேலை செய்கிறது என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்குகளை மேலே தூக்கிச் செருகினேன். சுவர் வழவழவென்று, பால் ஏடு நிறத்தில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். சட்டை மாட்டி, பவுடர் போட்டு, நாற்காலியைச் சந்துக்குள் விட்டேன். கொஞ்ச தூரம் போனது. அப்புறம் கர்ரென்று ஒரு சத்தம். சக்கரத்துக் கம்பி புதுப் பூச்சைக் கிழித்துக்கொண்டு நின்றுவிட்டது. பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். நகரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அங்கிருந்தே கத்தினேன். தம்பி லுங்கியோடு ஓடி வந்தான். அவன் வீட்டு வாசலில் கரணை கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரும் வந்தார்.

"நடக்க முடியாத மனுசன் போற வழிய அடைக்கறியே, நீ நல்லா இருப்பியா? எடம் வேணும்னா வாயத் தொறந்து கேளு. இப்புடியா திருட்டுத்தனமா செவுத்தப் பருக்க வெப்ப? நாமக்கல் போன நேரம் பாத்துப் பூசியிருக்கறியே!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தான். எனக்கு இன்னும் எரிந்தது.

"அங்க என்ன பாக்கற? அவரு வந்து உனக்குச் சாட்சி சொல்லப் போறாரா?"

"அக்கா..." என்று இழுத்தான். "அண்ணந்தானுங்க்கா சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"கனமாப் பூசச் சொன்னாருங்."

ஊமைச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறானே என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கொத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். நான் ஊரில் இல்லாத அன்றைக்கு என் வீட்டுக்காரர்தான் கொத்தனாரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாராம். சுவரைக் காட்டி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக விரித்தாராம். "கனமா" என்றாராம். கொத்தனாருக்கு நம்பிக்கை வராமல் தம்பியைக் கூட்டி வந்தாராம். தம்பி, "வண்டி போவாதுங்கண்ணா" என்று சொல்லிப் பார்த்தானாம். அதற்கு இவர் தலையை ஆட்டி ஆட்டி, "போவாது, போவாது" என்று சிரித்தாராம். அவர்கள் கண் முன்னாலேயே இடது கையால் ஆணியிலிருந்து நூலையும் அவிழ்த்துப் போட்டாராம்.

நான் நாற்காலியைச் சுற்றி முன்னால் வர முடியாது. இடமில்லை. பின்னாலிருந்தே குனிந்து கேட்டேன்.

"ஏனுங்க, நெசமாவா?"

"ஆமா."

தெளிவாக வந்தது அந்தச் சொல்.

"ஏனுங்க அப்புடிச் சொன்னீங்க?"

அவர் வாய் கோணிக்கொண்டு வேலை செய்தது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். "பேரு," என்றார். மறுபடி, "பேரு கேக்கறாங்க." மூச்சு வாங்கினார். "போதுஞ் சாமி."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். என்னிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறாரே என்று. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்னிடமும் சொல்லியிருக்கிறார். சட்டை மாட்டும்போது "வேண்டாம்" என்று சொன்ன நாட்கள் உண்டு. அந்தச் சட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு சட்டை எடுத்து மாட்டிவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் அழக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, மனசுல எதும் வெச்சுக்காதீங்க. இன்னும் எறுகலீங். இப்பச் சொரண்டுனா வந்துரும். வலை தெரியற வரைக்கும் எடுத்தர்றோம். நாளைக்கே நீங்க போயிக்கலாம்" என்றான். கொத்தனார் கரணையைக் கொண்டுவந்து சக்கரம் கிழித்த இடத்தில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி விட்டுக் கொடுத்தது.

அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஊசி போட வருகிற நர்ஸைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அந்தக் கரணையை அவர் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயைத்தான் பார்த்தார்.

"வேண்டாந் தம்பி" என்றேன். "இருக்கட்டும். கிழிஞ்ச எடத்த மட்டும் அடச்சுருங்க."

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கொத்தனார் கீறலில் சுண்ணாம்பை அப்பித் தடவிவிட்டு, சாக்குகளை இறக்கிவிட்டார்.

அந்தச் சுவர் இறுகுகிற வரைக்கும் சாக்குக்கு நான்தான் தண்ணீர் அடித்தேன். தம்பி வந்து, "நா பாத்துக்கறனுங்க்கா" என்றான். நான் விடவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவரையும் பின்வாசலில் உட்கார வைத்து, ஹோஸ் பைப்பை இடது கையில் கொடுத்தேன். பாதித் தண்ணீர் சாக்கில், பாதி என் மேல். உள்ளே கடிகாரம் ஐந்து அடித்தது. தண்ணீர் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவர் திரும்பாமல், கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டி, நான் சோப்பும் துண்டும் எடுக்க எழுந்திருக்கிறேனா என்று பார்த்தார்.

நான் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அவர் என்னை நம்பவில்லை.